அரைச் சுத்து

அது கிரீஸுங்க அம்மிணி. நீங்க பாக்காத மாதிரி பாத்தீங்க, நானும் கவனிக்காத மாதிரி கவனிச்சேன். துவைச்சா போகாது. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சுப் பாத்தாச்சு, எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தாச்சு. இந்தச் சேலை மட்டுமில்லீங்க, வீட்டுல இன்னும் நாலு சேலை இப்படித்தான் கெடக்குது. எல்லாம் ஒரு சைக்கிளால வந்த வினை. சைக்கிளாலயா, அந்த மனுசனாலயான்னு கேட்டீங்கன்னா... இருங்க, மொதல்லருந்து சொன்னாத்தான் நாயம் வெளங்கும். பஸ்ஸுல நீங்க காந்திபுரம் வரைக்கும் தானுங்களே? அப்ப நேரம் இருக்குது.

என்ற பேரு சாந்தாமணி. மேக்காட்டூர் தபாலாபீசுல வேலை. தபால் கொண்டு போய்க் குடுக்கறது. இருவத்திரெண்டு வருசமா சைக்கிள்தான். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகச் சொன்னாங்க. எனக்கு அந்தச் சத்தமே ஆகாதுங்க. வயசு நாப்பத்தியேழு. கல்யாணம் ஆகலை. ஏன்னு கேக்காதீங்க, கேட்டவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணஞ் சொல்லிச் சொல்லி, எது நெசம்னு எனக்கே மறந்துபோச்சு. அண்ணன் வீட்டுல இருக்கறேன். அண்ணன் சம்சாரத்தை நாங்க நங்கையான்னு சொல்லுவோம். நல்ல மனுசி. ஆனா ஒண்ணுஞ் சூது வாது தெரியாது. அவ கண்ணு முன்னாலயே எது நடந்தாலும் அவளுக்குத் தெரியாதுங்க. அது எனக்கு வசதியாப் போச்சு, அதை அப்பறம் சொல்றேன்.

என்ற லைன்ல கடேசியா கரட்டுமேடுன்னு ஒரு ஊரு. பேர்லயே மேடு இருக்குது பாத்தீங்களா, ரெண்டு மைல் ஏத்தம். போன சித்திரையில இருந்து மொழங்கால் வலி. பாதி ஏத்தத்துல எறங்கித் தள்ளிட்டுப் போவேன். தபால் இன்ஸ்பெக்டர் வந்தாரு. "ஏம்மா, பதினோரு மணித் தபாலு ரெண்டு மணிக்குப் போய்ச் சேருது. கரட்டுமேட்டை பைக் வெச்சிருக்கற ஆளுக்கு மாத்தி விட்டறட்டுமா"ன்னாரு. தப்பா ஒண்ணுஞ் சொல்லலீங்க, நல்லபடியாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. கரட்டுமேட்டுல எல்லா வீட்டு நாயும் என்னைப் பாத்தா வாலாட்டும். அதை எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கறது?

எங்க அண்ணன் பொண்ணு மெட்ராஸ்ல வேலை பாக்கறா. அவதான் ஒரு பெட்டி அனுப்பிச்சு விட்டா. உள்ளே சக்கரம். நடுவுல பூசணிக்கா கணக்கா ஒரு மோட்டரு. பின்னாடிச் சக்கரத்தைக் கழட்டிப்போட்டு இதை மாட்டி, கம்பியில பேட்டரியைக் கட்டினா, சைக்கிளு கரண்டுல ஓடுமாம். "அத்தை, எந்தக் கடைக்காரனும் மாட்டிக் குடுத்துருவான்"னு போன்ல சொன்னா. அவளுக்கென்ன, சொல்லிப்போட்டா.

எங்க ஊர்ல இருக்கறது ஒரே கடை. வெள்ளிங்கிரி சைக்கிள் கடை. அவருக்கு அம்பத்திரெண்டு வயசு. சம்சாரம் தவறி ஒம்பது வருசம். ஒரே பொண்ணு, ஓசூர்ல வேலை. ஆளு ஒல்லி, பேச்சும் ஒல்லி. அவரு சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நான் இதையத் தொட்டதில்லீங்க"ன்னாரு. அப்பறம், "ஆடி பதினெட்டோட கடையைக் காலி பண்ணிப்போட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போறேனுங்க. கடேசி வேலையா இதைச் செஞ்சு குடுத்துட்டுப் போறேன்"னாரு. நல்லதுங்கன்னேன். அப்ப எனக்கு ஆடி பதினெட்டும் ஒண்ணுதான், ஆயுத பூசையும் ஒண்ணுதான்.

மோட்டர் மாட்டறது பெரிய வேலை இல்லீங்க. கியருதான் உசுரை எடுத்துருச்சு. என்றது கியர் சைக்கிளு. பின்னாடி ஆறு பல்லுச் சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரு கட்டா இருக்குமில்ல, அதுக்குப் பேரு ஃப்ரீவீலு. அதைப் பழைய சக்கரத்துல இருந்து கழட்டி மோட்டர் சக்கரத்துல முறுக்கோணும். எங்க அண்ணன் அந்தக் கடைக்கு வந்து, "மோட்டரே இருக்குது, அப்பறம் கியரு எதுக்கு? ஒத்தைப் பல்லை மாட்டி விட்டு அனுப்புப்பா"ன்னாரு. இவரு நிமுந்து கூடப் பாக்கலை. "மோட்டரு தள்ளுமுங்க. கியரு இருந்தாத்தான் அவங்களும் சேந்து போவாங்க. இல்லாட்டி அவங்க வெறும் தபால் மூட்டை"ன்னாரு.

எனக்கு அந்த வார்த்தை புடிச்சுப்போச்சு அம்மிணி. இருவத்திரெண்டு வருசமா என்னைய மூட்டைக்கும் மேல ஒரு ஆளா எவனும் சொன்னதில்லை.

பழைய ஃப்ரீவீலு துருப்புடிச்சுக் கல்லா இறுகிக் கெடந்துச்சு. நாலு நாள் எண்ணெய் ஊத்தி வெச்சாரு. அசையலை. அஞ்சாம் நாளு, அதுக்குன்னு ஒரு இரும்பு, அதை வைஸுல கவ்வ வெச்சு, மேல சக்கரத்தைக் கவுத்து வெச்சு, பஸ்ஸு ஸ்டீரிங்கைத் திருப்பற மாதிரி திருப்பறாரு. முடியலை. நான் தபால் குடுத்துட்டு வந்தவ, "நானும் புடிக்கறேனுங்க"ன்னேன். எதிரும் புதிரும் நின்னு, "ஏலேலோ" சொல்லாத கொறை, ஒரே தம்முல திருப்பினோம் பாருங்க. டமார்னு விட்டுச்சு. அவரு அந்தப் பக்கம் தரையில, நான் இந்தப் பக்கம் தரையில, சக்கரம் ரெண்டு பேருக்கும் நடுவுல உருண்டு போயி தண்ணிக் குடத்துல முட்டுச்சு. எனக்குச் சிரிப்பு அடங்கலை. அவரு சிரிக்கறாருன்னு மொதல்ல தெரியலை, தோள்பட்டை மட்டும் குலுங்குச்சு. ஒம்பது வருசமாச் சிரிக்காத ஆளுங்களாம். பக்கத்து டீக்கடைக்காரரு எட்டிப் பாத்துட்டுப் போனாரு. அவருக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

மொத சேலை அன்னைக்குத்தான் போச்சு.

முறுக்கி மாட்டினா, கடேசிச் சின்னப் பல்லு சைக்கிளோட இரும்புல போயி உரசுது. கர்ர்ர்ருன்னு. ஒரு வாசர் போட்டாரு, உரசுது. ரெண்டு போட்டாரு, உரசலை, ஆனா சக்கரம் உள்ளயே போகலை. இரும்பை மெல்ல விரிச்சு உள்ளே விட்டாரு. இப்பச் சக்கரம் ஒரு ஓரமா நிக்குது, பிரேக்கு புடிக்குது. ஒவ்வொரு சக்கரக் கம்பியா முறுக்கி நடுவுக்குக் கொண்டாந்தாரு. அது ஒரு வாரம். நான் தெனம் போயிப் பக்கத்துல நிப்பேன். வாசர், ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன். பேச்செல்லாம் ஒண்ணும் இல்லீங்க. "பத்து நம்பர்" "இந்தாங்க." "பிடிங்க" "பிடிச்சேன்." அவ்வளவுதான். ஆனா ராத்திரி படுத்தா அந்த "பிடிங்க" காதுக்குள்ளயே இருக்கும்.

ஓடுச்சு பாருங்க ஒரு நாளு! கரட்டுமேட்டு ஏத்தத்துல பெரிய பல்லுல போட்டு, மோட்டரை லேசா முடுக்கி விட்டு மிதிச்சா, முதுகுல ஒரு கை வெச்சு யாரோ தள்ளற மாதிரி இருக்குது. நான் எறங்காம ஏறிட்டேன். பதினொண்ணே காலுக்கெல்லாம் மேட்டு மேல நிக்கறேன். கரட்டுமேட்டு மாராயக்கா மொறத்தைக் கீழ போட்டுட்டா. நாயிங்க கூட இது நம்ம ஆளான்னு ஒரு நிமிசம் ரோசனை பண்ணுச்சு. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டரு கூடவே வந்து பாத்துட்டு, "கரட்டுமேடு உனக்கேம்மா"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு.

ஓடியே போயி வெள்ளிங்கிரிகிட்டச் சொன்னேன். அவரு தலையை ஆட்டினாரு. "நல்லதுங்க. அப்ப வர்ற திங்கக்கெழமை கடையைக் காலி பண்ணிர்றேன்"னாரு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா... ஏத்தத்துல மோட்டரு பட்டுன்னு நின்னாப்புல இருந்துச்சு.

அம்மிணி, நீங்க அறியாதவங்க, மறுக்காப் பாக்கப் போறதில்லை, அதனால சொல்றேன். ஊருல ஒரு ஈ எறும்புக்குத் தெரியாத நாயம் இது. சங்கிலியைப் பல்லுக்குப் பல்லு தள்ளி விடற கை ஒண்ணு கீழே தொங்குதில்ல, அதுல ரெண்டு குட்டி ஸ்குரு இருக்குது. அதுல ஒண்ணை லேசாத் திருகினாப் போதும், சங்கிலி பல்லு மாறாது, இல்ல மாறி மாறிக் கழண்டு விழும். அவரு திருகறப்ப நான் பக்கத்துல நின்னவதானே. அன்னைக்குச் சாயங்காலம் அருவாமனைக்குப் பக்கத்துல இருந்த காய் நறுக்கற கத்தியை எடுத்தேன். நுனியை வெச்சு ஒரே ஒரு திருகு.

காலையில சைக்கிளைத் தள்ளிட்டுப் போனேன். "கழண்டு கழண்டு விழுதுங்க."

அவரு குத்த வெச்சு உக்காந்து ஸ்குருவைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மறுபடி ஸ்குருவைப் பாத்தாரு. "ஆமாங்க, தப்பித்தான் போயிருக்குது. எப்படின்னே தெரியலை"ன்னாரு. பாவம், நம்பிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் பொண்ணு ஓசூர்ல இருந்து போன் பண்ணுச்சு. நான் அங்கதான் நிக்கறேன். "இல்ல கண்ணு, ஒரு வேலை பாக்கி இருக்குது. முடிச்சுப்போட்டு வர்றேன்"னாரு.

அப்பறமென்ன, எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு. அவரு சரி பண்ணுவாரு, நான் ரெண்டு நாள் ஓட்டுவேன், மூணாம் நாள் திருகுவேன். ஆடி பதினெட்டு போச்சு. ஆவணி போச்சு. பொரட்டாசியில அவரு ஒரு வேலை செஞ்சாரு. ஸ்குரு தலையில வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சாரு. "அதுவாத் திரும்புதா, என்னன்னு பாத்துரலாமுங்க"ன்னாரு. நான் திருகினேன். புள்ளி நகந்துபோச்சு. அதை நான் ரோசனையே பண்ணலை பாருங்க. அவரு, "புள்ளி நகந்திருக்குதுங்க"ன்னாரு. எனக்கு வேர்த்துருச்சு. "ரோட்டு அதிர்வா இருக்குமுங்களா?"ன்னேன். "இருக்கும், இருக்கும். நம்ம ரோடு அப்படி"ன்னாரு. தப்பிச்சேன்.

மறு வாரம் ஒரு குட்டி ஸ்குரு டிரைவரை எடுத்து நீட்டினாரு. செகப்புப் புடி. "கத்தியில திருகினா ஸ்குருத் தலை தேஞ்சுபோயிருமுங்க. பொதுவாச் சொல்றேன்"னாரு. எதுக்கு எங்கிட்டக் குடுத்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. பையில கெடக்கட்டும்னு வாங்கிக்கிட்டேன். நொம்ப உபகாரமா இருந்துச்சுங்க.

இன்னொரு நாளு, சக்கரத்தைச் சுத்திக்கிட்டே, "அரைச் சுத்துக்கு மேல திருகினா சங்கிலி கம்பிக்குள்ள போயி விழுந்துரும். எறக்கத்துல வந்தா ஆளைத் தூக்கிப்போட்டுரும். அரைச் சுத்தைத் தாண்டக் கூடாதுங்க"ன்னாரு. சொல்றப்ப அவரு கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு. தொழில் சுத்தம் உள்ள ஆளு, எதையும் வெளக்கமாச் சொல்லுவாரு. நான் அதுக்கப்பறம் அரைச் சுத்தைத் தாண்டினதே இல்லீங்க.

வீட்டுல நங்கையாளுக்குத் துளி கூடத் தெரியாது. கத்தி நுனி வளைஞ்சு கெடந்ததைப் பாத்தா. "எலி கடிச்சிருக்கும்"னா. சிரிக்காதீங்க அம்மிணி, அவ அவ்வளவு வெகுளி. அடுத்த சந்தையில புதுக் கத்தி வாங்கிட்டு வந்து, பழசைத் தூக்கி என்ற தபால் பை மேல வெச்சுட்டுப் போயிட்டா. எதுக்குன்னா, "கெடக்கட்டும், உனக்கு எதுக்காச்சும் ஆகும்"ங்கறா. மாராயக்கா இருக்காளே, அவ ஜோசியக்காரியாப் பொறந்திருக்கோணும். "இன்னைக்குச் செயின் கழலலையா சாந்தா?"ம்பா. இல்லைக்கான்னா, "அப்ப நாளைக்குக் கழலும்"பா. கழலுமுங்க! எப்படிச் சொல்றாளோ.

சரி, நெசமாவே ஒரு கொறை இருந்துச்சுங்க, அதையும் சொல்லோணும். சமதரையில வேகமாப் போறப்ப கால் வெறுமனே சுத்தும். காத்துல மிதிக்கற மாதிரி. மோட்டரு பாட்டுக்குப் போவும், நான் பாட்டுக்குச் சும்மா காலை ஆட்டிக்கிட்டு இருப்பேன். அவருகிட்ட, "இப்ப நான் மூட்டையாட்டத்தான் போறேனுங்க"ன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவரு மொகம் சுண்டிப்போச்சு. கடேசிப் பல்லுச் சக்கரத்துல பதினாலு பல்லு. அது பதினொண்ணா இருந்தாத்தான் அந்த வேகத்துல கால்ல பிடிப்பு கெடைக்குமாம். அந்த மாதிரி ஃப்ரீவீலு லேசுல கெடைக்காது. கோயமுத்தூருக்கு மூணு தடவை போனாரு. கடை கடையா ஏறி எறங்கினாரு. கார்த்திகை ரெண்டாவது சனிக்கெழமை, ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு பஸ்ஸை விட்டு எறங்கறாரு. பச்சைக் கொழந்தையைக் கொண்டாற மாதிரி.

மாட்டினாரு. உரசலை. பிரேக்கு புடிக்கலை. கைப்பிடியில அழுத்தினா, டக்கு டக்குன்னு ஒவ்வொரு பல்லா மாறுது.

திங்கக்கெழமை ஓட்டினேன். அம்மிணி, அதை எப்படிச் சொல்றது! வாய்க்கா மேட்டு ரோட்டுல சின்னப் பல்லுல போட்டு ஒரு மிதி மிதிச்சேன். அடியில ஒரு பிடிப்பு. மோட்டரும் போவுது, நானும் போறேன். சத்தமே இல்லை, சங்கிலி மட்டும் நெசவுத்தறிக்குள்ள நூலு ஓடற மாதிரி ஓடுது. கொக்கு ஒண்ணு வாய்க்காலோட கூடவே பறந்து வந்து பின் தங்கிருச்சு. நான் சிரிக்கறேன். வாயில பூச்சி போவுது, அப்பவும் சிரிக்கறேன். கல்யாணின்னு ஒருத்தி வீட்டுக்கு வந்த கடுதாசியைக் குடுக்கலையேன்னு பத்து வீடு தாண்டிப் போயித்தான் நெனப்பு வந்துச்சு. திரும்பி வந்து குடுத்துட்டு மறுபடி அந்த ரோட்டுல ஒருக்கா போனேன், சும்மாவேதான். சர்க்கார் நேரத்துல! யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.

அன்னைக்குச் சாயங்காலம் செகப்புப் புடியைக் கையில எடுத்தேன். சைக்கிளு பக்கத்துல உக்காந்தேன். கை வரலீங்க. மூணு தடவை ஊரெல்லாம் அலைஞ்சு அந்த மனுசன் கொண்டாந்து மாட்டினது. இவ்வளவு அழகா ஓடறதை எப்படிக் கெடுக்கறது? செவ்வாக்கெழமையும் முடியலை. புதங்கெழமையும் முடியலை. அப்ப ஒரு முடிவுக்கு வந்தேன். போகட்டும். போற மனுசனை நான் யாரு புடிச்சு வெக்கறதுக்கு? பொண்ணு வீட்டுல சோத்துக்குச் சோறு, பேச்சுக்கு ஆளு.

வெசாழக்கெழமை கடைக்குப் போனேன். சைக்கிளை நிறுத்தினேன். "சரியாயிருச்சுங்க. ஒரு கொறையும் இல்லை. நீங்க ஓசூர் போலாமுங்க"ன்னேன். மூணு வாக்கியம். அதை வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன், ஆனா மூணாவதை மட்டும் சைக்கிள் மணியைப் பாத்துத்தான் சொன்னேன்.

அவரு எந்திரிச்சாரு. கையைத் துடைச்சாரு. சைக்கிளுகிட்ட வந்து குத்த வெச்சாரு. ஸ்குரு டிரைவரை எடுத்து, அந்த ஸ்குருவுல வெச்சு, எங்கண்ணு முன்னாலயே, அரைச் சுத்துத் திருகினாரு. பெடலைக் கையால சுத்தினாரு. சங்கிலி தடதடன்னு கழண்டு விழுந்துச்சு.

"சரியாகலை பாருங்க"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! மூணு நாளா நான் தொடாம வெச்சிருந்ததை! "ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? நல்லா இருந்ததை எதுக்குங்க திருகினீங்க?"ன்னு கத்திட்டேன். டீக்கடையில நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்க.

அவரு தலை நிமுரலை. "நீங்க திருகினா ரோட்டு அதிர்வு. நான் திருகினாக் கிறுக்குங்களா?"ன்னாரு.

அம்மிணி, எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. எப்படியோ அன்னைக்குத்தான் கண்டுபுடிச்சிருக்காரு. என்ன பண்றதுன்னு தெரியாம நானும் குத்த வெச்சு உக்காந்தேன். கழண்ட சங்கிலியை ரெண்டு பேருஞ் சேந்து மாட்டினோம். ஒரு ஆளு மாட்டற சங்கிலிதான் அது. இந்தச் சேலை அன்னைக்குக் கட்டியிருந்ததுதான்.

அந்த ஞாயித்துக்கெழமையே ஓசூர்ல இருந்து பொண்ணு வந்து எறங்கிருச்சு. பிரவீணான்னு பேரு. யாரு என்ன சொன்னாங்களோ தெரியலை. ஊருலதான் ஒருத்தருக்கும் தெரியாதே. ஏதோ கம்பெனியில வண்டிங்களைச் சோதிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடற வேலை அதுக்கு. மொகம் கடுகடுன்னு இருந்துச்சு. "அப்பா, அஞ்சு மாசமா பாக்கி பாக்கின்னீங்களே, எதுங்கப்பா அந்த வேலை?"ன்னு கேட்டுச்சு. அவரு சைக்கிளைக் காட்டினாரு. நான் அந்தப் பக்கம் தூணு மாதிரி நிக்கறேன்.

பொண்ணு கீழ குனிஞ்சு பாத்துச்சு. சக்கரத்தைச் சுத்துச்சு. ஒவ்வொரு கியரா மாத்துச்சு. வாசரை எண்ணுச்சு. "இதுல ஒரு கொறையும் இல்லையேப்பா"ன்னுச்சு. அது அவரைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. என்ற சேலைக் கிரீஸைப் பாத்துச்சு. அப்பறம் துப்பட்டாவை இடுப்புல முடிஞ்சு கட்டிக்கிட்டு, சைக்கிள்ல ஏறிக் கெளம்பிப் போயிருச்சு.

அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு. வரலை. ரோட்டுல நாங்க ரெண்டு பேரு மட்டும் நிக்கறோம். சைக்கிளு இல்லை. அஞ்சு மாசத்துல மொத தடவையா எங்களுக்கு நடுவுல சைக்கிளு இல்லை. அவருக்குக் கையை எங்க வெக்கறதுன்னு தெரியலை. பாக்கெட்டுல வெச்சாரு, எடுத்தாரு, முதுகுக்குப் பின்னால கட்டினாரு. "பத்து நம்பர்" கூடக் கேக்க முடியாதே! எனக்கும் எதை எடுத்துக் குடுக்கறதுன்னு தெரியலை. கடேசியில, "டீக்கு நீங்க சக்கரை போடுவீங்களா?"ன்னாரு. "ரெண்டு கரண்டிங்க"ன்னேன். "எனக்கும் ரெண்டுதான்"னாரு. உலகத்துலயே பெரிய அதிசயத்தைச் சொன்ன மாதிரி சொன்னாரு. எனக்கும் அதிசயமாத்தான் இருந்துச்சு.

அரை மணி நேரம் கழிச்சு வந்துச்சுங்க பொண்ணு. தலை கலைஞ்சு, மொகமெல்லாம் செவந்து, பள்ளிக்கூடம் விட்ட கொழந்தை மாதிரி கத்திக்கிட்டே வருது. "அப்பா! அந்தக் கடேசிப் பல்லு! என்னப்பா அது, பறக்குது!" பிரேக்கைப் புடிச்சு எங்க முன்னால நிறுத்துச்சு. ஒரு காலை ஊணிக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் ஒருக்கா நல்லாப் பாத்துச்சு. கடுகடுப்பெல்லாம் போன எடம் தெரியலை.

"நான் வாய்க்கா ரோட்டுல இன்னொரு சுத்து போயிட்டு வர்றேன். மெதுவாத்தான் வருவேன். நீங்க பேசிட்டிருங்க"ன்னு சொல்லிப்போட்டு, பதில் கூடக் கேக்காம மறுபடி போயிருச்சு.

பேசினோமுங்க. கடை இன்னும் காலி ஆகலீங்க.

என்னத்தைப் பேசினோமா? அட போங்க அம்மிணி, அதையெல்லாம் பஸ்ஸுல சொல்லுவாங்களா! காந்திபுரம் வந்துருச்சு பாருங்க, எறங்குங்க, எறங்குங்க.